நேஷனல் மெரிட் எண்ணிக்கையைப் பார்த்து வீடு வாங்கலாமா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. குடும்பம் ஒஹாயோவிலிருந்து டாலஸ் பக்கம் மாறுகிறது. மகள் எட்டாம் வகுப்பு. பிளேனோ, ஃபிரிஸ்கோ, கோப்பெல், ஆலன் என்று நான்கு ஊர்களின் உயர்நிலைப் பள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் நேஷனல் மெரிட் என்ற கல்வி உதவித்தொகைப் போட்டியில் செமிஃபைனலிஸ்ட் ஆனார்கள் என்று அட்டவணை போட்டிருக்கிறார். வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளியில் இடம் என்பதால், பட்டியலில் முதலில் நிற்கும் பள்ளியின் எல்லைக்குள் வீட்டு விலை கூடுதல். அந்த எண்ணை நம்பி அவ்வளவு பணம் போடலாமா என்று கேட்கிறார்.

அந்த எண்ணுக்காக மட்டும் போட வேண்டாம் என்பது என் பதில். ஒரு பள்ளிக்குள் எப்படிப்பட்ட பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள் என்பதை அது ஓரளவு காட்டும். வந்த பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்தது என்பதைக் காட்டவே காட்டாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் குடும்பங்கள் இதில் போடும் பணமும் கவலையும் மிக அதிகம்.

இந்த விருதை நடத்துவது 1955-இல் தொடங்கிய ஒரு லாபநோக்கற்ற நிறுவனம், நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் கார்ப்பரேஷன். இல்லினாயில் எவன்ஸ்டனில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பின் அக்டோபரில் பிள்ளைகள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வு எழுதுவார்கள். போட்டிக்குள் வருகிறவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 13 லட்சம் பேர். அவர்களில் சுமார் 50,000 பேருக்கு ஏதோ ஒரு அங்கீகாரம் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பாராட்டுக் கடிதம் மட்டும், அதாவது ‘கமெண்டட்’. சுமார் 16,000 பேர்தான் செமிஃபைனலிஸ்ட். இந்தப் பட்டியல் அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது செப்டம்பரில் வெளியாகும். நீங்கள் அட்டவணையில் எழுதியிருப்பது அதைத்தான்.

ஆக, நான்கு வருடப் பள்ளிப் படிப்பில் ஒரே ஒரு நாள், இரண்டேகால் மணி நேரம் நடக்கிற தேர்வு இது. அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலப் பகுதிக்கு 760, கணக்குக்கு 760. ஆங்கில மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணக்கைக் கூட்டி, பத்தால் வகுப்பார்கள். அதிகபட்சம் 228. இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். ஒரு பையன் கணக்கில் 760, ஆங்கிலத்தில் 690. மொத்தம் 1450. அவனுடைய மெரிட் மதிப்பெண் 214. அவனுடைய தோழி ஆங்கிலத்தில் 740, கணக்கில் 710. அவளுக்கும் அதே 1450, ஆனால் மெரிட் மதிப்பெண் 219. ஐந்து புள்ளி வித்தியாசம் என்பது இந்தப் போட்டியில் பெரிய தூரம். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, நூல்கள் அதிகம் படிக்காததால் ஆங்கிலத்தில் தவறவிடும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் தேர்ச்சி பெற வைத்த பள்ளி இந்தப் பட்டியலில் எங்கேயும் தெரியாது.

அடுத்தது கட்-ஆஃப். நாடு முழுவதற்கும் ஒரே கட்-ஆஃப் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளி முடிக்கும் மாணவர் தொகைக்கு ஏற்ப இடங்களைப் பிரித்து, அந்த மாநிலத்துக்குள் மேலிருந்து நிரப்புவார்கள். 2024-இல் பள்ளி முடித்த அணிக்கு நியூ ஜெர்சியில் 223 தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவில் 221, டெக்சஸில் 219, மேற்கு வர்ஜினியாவில் 207. நியூ ஜெர்சியின் எடிசனில் 220 வாங்கிய பிள்ளைக்குப் பாராட்டுக் கடிதத்தோடு சரி. அதே பிள்ளை மேற்கு வர்ஜினியாவில் படித்திருந்தால் உள்ளூர் நாளிதழில் படம் வந்திருக்கும். ஒஹாயோ கட்-ஆஃப் பொதுவாக டெக்சஸைவிடச் சற்றுக் குறைவு. எனவே உங்கள் மகள் இப்போது படிக்கும் ஒஹாயோ ஊரின் பள்ளியையும் டாலஸ் பள்ளிகளையும் ஒரே அட்டவணையில் வைத்திருந்தால், முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுங்கள்.

சரி, ஒரே மாநிலத்துக்குள், ஒரே ஊர்ப்பக்கத்தில் ஒப்பிட்டால் நியாயமாக இருக்குமா? அங்கேதான் டாலஸ் பகுதி உங்களை நன்றாக ஏமாற்றும். பிளேனோவில் சீனியர் ஹை என்று சொல்லப்படும் பள்ளிகளில் பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு வகுப்பிலேயே ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். ஃபிரிஸ்கோ நேரெதிர். பள்ளிகளைச் சிறிதாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நான்கு வகுப்புக்கும் சேர்த்து சுமார் 2,100 பேர் கொள்ளும் கட்டடங்களாகக் கட்டிக்கொண்டே போய் இப்போது 12 உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கு ஐந்நூறு பேர் அளவில் வரும். ஆலனில் மொத்த ஊருக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி, மாநிலத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஒரு பேச்சுக்கு, 1,200 பேர் உள்ள வகுப்பில் 30 பேரும், 500 பேர் உள்ள வகுப்பில் 20 பேரும் தேறினார்கள் என்று வையுங்கள். உங்கள் அட்டவணையில் முன்னது மேலே நிற்கும். சதவீதம் போட்டால் 2.5-க்கு எதிராக 4. வரிசை தலைகீழாகிவிட்டது. அந்த அட்டவணையை வைத்துக்கொள்ள விரும்பினால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி சேர்த்து வகுத்துப் பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் எடுக்காமல் நான்கைந்து வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். சராசரியாகப் பத்துப் பேர் தேறும் பள்ளியில், எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு வருடம் ஏழும் மறு வருடம் பதின்மூன்றும் வருவது சாதாரணம். ஏழு வந்த வருடம் "பள்ளி விழுந்துவிட்டது" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு கிளம்பும். அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு கசிவும் உண்டு. டென்டனில் வட டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குள் டெக்சஸ் கணித அறிவியல் அகாடமி இருக்கிறது. ‘டாம்ஸ்’ என்பார்கள். 1987-இல் மாநில சட்டமன்றம் உருவாக்கியது. பதினொன்று, பன்னிரண்டு வகுப்புப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, கல்லூரிப் பாடங்களைப் படிப்பார்கள். பத்தாம் வகுப்பு வரை பிளேனோவிலோ ஃபிரிஸ்கோவிலோ படித்த பிள்ளை அங்கே போய் பி.எஸ்.ஏ.டி. எழுதினால், செமிஃபைனலிஸ்ட் பெயர் டாம்ஸ் கணக்கில் விழும். பத்து வருடம் சொல்லிக்கொடுத்த உள்ளூர்ப் பள்ளிகளுக்கு ஒரு வரவும் இல்லை. இல்லினாயில் அரோரா, வட கரோலினாவில் டர்ஹம் என்று இப்படிப்பட்ட உறைவிடப் பள்ளிகள் வேறு மாநிலங்களிலும் உண்டு. நியூ ஜெர்சியில் கவுண்டி அளவிலான அகாடமிகள் இதே வேலையைச் செய்கின்றன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வடக்கு வர்ஜினியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நடத்தும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்பப் பள்ளியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்த பள்ளி அது. 2020 இறுதியில் அந்தத் தேர்வை நிறுத்தி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலிருந்தும் 1.5 சதவீத இடம் என்று முறையை மாற்றினார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய முறையை ஏற்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அந்தச் சேர்க்கை சரியா தவறா என்பது இங்கே நம் பேச்சில்லை. புதிய முறையில் வந்த முதல் அணி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது செமிஃபைனலிஸ்ட் எண்ணிக்கை 165-லிருந்து 81-ஆக இறங்கியது. அதே கட்டடம், அதே ஆய்வகங்கள், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள்.

அந்த அணி எழுதியபோதுதான் தேர்வு முதல்முறையாகக் கணினிக்கு மாறியது, வர்ஜினியாவின் கட்-ஆஃபும் மூன்று புள்ளி ஏறியது. எனவே இறக்கம் முழுவதையும் சேர்க்கை முறையின் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் இதில் எதை எடுத்தாலும், யார் உள்ளே வந்தார்கள், தேர்வு எப்படி நடந்தது, மாநிலக் கட்-ஆஃப் எங்கே நின்றது என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வகுப்பறையில் நடந்த பாடம் அதில் எங்கே? உங்கள் அட்டவணையின் எல்லாப் பள்ளிகளுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. பொறியாளர்களும் மருத்துவர்களும் குடியேறும் தெருக்கள் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகின்றனவோ அந்தப் பள்ளியின் எண் ஏறும். ஒன்பதாம் வகுப்பு முதலே வார இறுதிப் பயிற்சி மையங்களுக்குப் போகும் பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே இன்னும் ஏறும். அந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் பெற்றோர்கள், பெயர் பள்ளிக்கு.

சிறந்த பிள்ளைகள் நடுவே போட்டால் என் பிள்ளையும் தானாக உயர்ந்துவிடுவாள் என்று நினைப்பது இயல்பு. இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதீலா அப்துல்காதிரோலு, ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாதக் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். ஆங்ரிஸ்ட் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத்தேர்வுப் பள்ளிகளில் மயிரிழையில் இடம் பிடித்த பிள்ளைகளையும் மயிரிழையில் தவறவிட்ட பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இடம் கிடைத்தவர்கள் இன்னும் திறமையான சக மாணவர்களோடு படித்தார்கள். தவறவிட்டவர்கள் அதைவிடப் போட்டி குறைந்த பள்ளிகளுக்குப் போனார்கள். கடைசியில் எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு மதிப்பெண்களில் இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லைக்கோட்டில் நின்ற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் சக மாணவர்களின் தரத்துக்காக மட்டும் பெரும் பணம் கொடுக்க நினைப்பவர் ஒருமுறை நின்று யோசிக்க இது போதும்.

நமக்கு இது புதிய பாடமும் இல்லை. மாநில முதலிடங்களைப் பார்த்து நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய காலம் நம் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் உச்சத்தில் நின்ற பிள்ளைகளைத் தேடி எடுத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டி, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 2017-இல் தமிழ்நாட்டு அரசு முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. ஊரில் அந்தப் பட்டியல்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட நாம் அமெரிக்கா வந்ததும் அதை மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அப்படியானால் அந்த எண்ணுக்கு ஒரு பயனும் இல்லையா? உண்டு. ஐந்து வருடமாக ஒருவர்கூடத் தேறாத பள்ளிக்கும், ஆண்டுதோறும் ஐந்தாறு பேர் தேறும் பள்ளிக்கும் இடையே ஒரு உண்மையான வேறுபாடு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது பள்ளியில் கல்லூரி அளவிலான கால்குலஸ் பி.சி. பாடத்தை முடித்த பிறகும் கணக்கு வகுப்பு நடத்தும் அளவுக்கு மாணவர்கள் இருப்பார்கள். விவாதக் குழுவோ கணிதக் குழுவோ உயிரோடு இருக்கும். உங்கள் மகளுக்குத் தன்னைப் போன்ற நண்பர்கள் கிடைப்பார்கள். அந்தப் படியைத் தாண்டிவிட்டால், எட்டா, பதினெட்டா, முப்பதா என்பதில் அவள் வாழ்க்கைக்கு எந்த மாற்றமும் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட நான்கு ஊர்களிலும் இந்தப் படியைத் தாண்டிய பள்ளிகள் தாராளமாக இருக்கின்றன.

டெக்சஸில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அட்டவணை போடும் பெற்றோர்கள் அதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். 1997-இல் வந்த மாநிலச் சட்டப்படி, டெக்சஸ் பள்ளியில் தன் வகுப்பின் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே பல ஆண்டுகளாக முதல் ஆறு சதவீதம் என்று இருந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் ஐந்து ஆகியிருக்கிறது. இந்த ரேங்க் பள்ளிக்குள் போடப்படுவது. உங்கள் அட்டவணையில் முதலில் நிற்கும் பள்ளியில் உங்கள் மகள் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியும் பதினைந்தாவது சதவீதத்தில் நிற்கலாம். பத்து மைல் தள்ளி, பாடத்தரம் குறையாத வேறொரு பள்ளியில் அதே உழைப்புக்கு ஐந்துக்குள் வரலாம். தானாகக் கிடைக்கும் இடம் பல்கலைக்கழகத்துக்குத்தான், விரும்பிய துறைக்கு உத்தரவாதம் இல்லை, கணினி அறிவியலுக்குத் தனிப் போட்டி உண்டு. அப்படியிருந்தும் இது கையில் இருக்கும் பெரிய சீட்டு. கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கி இந்தச் சீட்டைத் தொலைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

விருதின் மதிப்பையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். செமிஃபைனலிஸ்ட்களில் பெரும்பாலோர் விண்ணப்பம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் கொடுத்து ஃபைனலிஸ்ட் ஆகிவிடுவார்கள். நிறுவனம் நேரடியாகத் தரும் உதவித்தொகை ஒருமுறை மட்டும் 2,500 டாலர். பெரிய பணம் வருவது சில பல்கலைக்கழகங்களிடமிருந்து. ரிச்சர்ட்சனில் இருக்கும் டாலஸ் டெக்சஸ் பல்கலைக்கழகம், தன்னை முதல் விருப்பமாகக் குறிக்கும் மெரிட் மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் ஏற்று அதற்கு மேலும் கொடுக்கிறது. அலபாமா பல்கலைக்கழகமும் தாராளம். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் வகைப் பல்கலைக்கழகங்கள் மெரிட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தரும். கலிஃபோர்னியாவின் யு.சி. வளாகங்கள் இந்த உதவித்தொகைக்குப் பணம் போடுவதை 2005-இலேயே நிறுத்த முடிவெடுத்தன. இந்த விருது மாணவருக்கு, அதுவும் அவர் எந்தக் கல்லூரிக்குப் போகிறார் என்பதைப் பொறுத்து, பயன் தருவது. பக்கத்து வீட்டுப் பையன் செமிஃபைனலிஸ்ட் ஆனதால் உங்கள் மகளுக்கு ஒரு டாலரும் வராது.

அந்த அட்டவணைக்குப் பதில் என்ன பார்ப்பது? ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் கல்லூரிகளுக்கு அனுப்பவென்றே இரண்டு மூன்று பக்கத்தில் ‘ஸ்கூல் புரொஃபைல்’ தயாரிக்கும். பெரும்பாலும் பள்ளியின் கவுன்சிலிங் பக்கத்திலேயே கிடைக்கும். எத்தனை ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரி அளவிலான பாடங்கள்), மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, ரேங்க் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று நிறைய விவரம் அதில் இருக்கும். எனக்கு ஒரே ஒரு தாளை மட்டும் பார்க்க அனுமதித்தால் அதைத்தான் கேட்பேன். ஏ.பி. பாடங்களின் எண்ணிக்கையைவிட, மொத்த மாணவர்களில் எத்தனை பங்கு ஏ.பி. தேர்வு எழுதி ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்குகிறார்கள் என்பது பள்ளியின் உழைப்பைக் கொஞ்சம் நெருக்கமாகக் காட்டும். மாணவர்களுக்குப் படிப்பு, கல்லூரி பற்றி ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பள்ளிக் கவுன்சிலர் சங்கம் பரிந்துரைப்பது 250-க்கு ஒருவர். ஐந்நூறு பிள்ளைகளைக் கவனிக்கும் கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் மகளைத் தெரிந்து பரிந்துரைக் கடிதம் எழுத நேரம் இருக்காது. அப்புறம், முடிந்தால் ஒரு வேலைநாளில் போய், முதலிடத்தில் இல்லாத, நடுவில் இருக்கும் ஒரு மாணவரின் பெற்றோரிடம் பேசுங்கள். கணக்கில் தடுமாறியபோது யார் கைகொடுத்தார்கள் என்று கேளுங்கள். டாப்பரின் பெற்றோர் சொல்லும் எதிலும் பள்ளியைப் பற்றிய செய்தி குறைவாகத்தான் இருக்கும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூதர் பல ஆண்டுகள் இந்த உயர் சாதனைப் பள்ளிகளின் மாணவர்களை ஆராய்ந்தார். அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் நாட்டின் சராசரியைவிட அதிகமாக இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார். 2019-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை ஒன்று, வறுமை போன்ற காரணங்களால் ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளோடு இந்தப் பள்ளிகளின் பிள்ளைகளையும் சேர்த்தே குறிப்பிட்டது. போட்டியைக் கண்டால் உற்சாகமாகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் சூழல் நல்லதே. சுருங்கிப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் மகள் எந்த வகை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அட்டவணைக்குத் தெரியாது.

கடைசியாக, நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. மகள் எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா படிக்கிறாள் என்றால், ஒஹாயோவில் வாங்கிய அந்த மதிப்பெண் புதிய ஊரில் உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட்டாக ஏற்கப்படுமா, ஜி.பி.ஏ.-விலும் ரேங்கிலும் சேருமா, ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணக்கில் உட்கார வைப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். நான்கு ஊர்ப் பள்ளி நிர்வாகங்களுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நீங்கள் பார்க்கும் வீட்டு முகவரி எந்தப் பள்ளிக்குள் வருகிறது என்பதை நிர்வாகத்தின் தளத்திலேயே சரிபாருங்கள், வீடு விற்பவர் சொல்வதை ஏற்காதீர்கள். வேகமாக வளரும் இந்த ஊர்களில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைகளை மாற்றி வரைகிறார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தப் பதில்கள் உங்கள் கையில் இருக்கட்டும்.